ஹிஸ்டரி படித்த பத்துப் பேர்

ஊர்ச் சாமியின் பேரை வைத்துக்கொண்டிருந்தாலும் பழமலைநாதனுக்கு அந்தச் சாமியின் பொறுமையில் கால்வாசிகூட வாய்க்கவில்லை. பதினெட்டு வருஷமாக விருத்தாசலம் ஜங்ஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். யாராவது ஒரு பேச்சு எடுத்தால் அது முடிவதற்குள் இவருக்குக் கோபம் வந்து, பேச்சு முடியும்போது கோபமும் போயிருக்கும். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் மட்டும் இட்லி ஆறி, சட்னி காய்ந்து, ஸ்டாண்டிலிருந்து போன் வந்த பிறகும் போகவில்லை. காரணம், மகள் தமிழினி சொன்ன ஒரே வரி.

"ப்பா, நான் காலேஜுல பி.ஏ. ஹிஸ்டரி எடுக்கப் போறேன்."

ப்ளஸ் டூவில் அறுநூறுக்கு ஐநூற்று நாற்பத்தொன்று வாங்கிய பெண். அரசு கலைக் கல்லூரி ரேங்க் லிஸ்ட்டில் முன்னாலேயே பேர் வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை கலந்தாய்வு. எந்தப் படிப்பு என்று கேட்பார்கள், சொன்னால் சீட்டு. பி.காம் எடுப்பாள், முடித்ததும் சென்னையில் சி.ஏ. படிப்பாள், அதற்கென்று இரண்டு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு எடுத்து பேங்கில் போட்டு வைத்திருக்கிறார் பழமலை. 'எம் பொண்ணு ஆடிட்டரு' என்று ஸ்டாண்டில் உள்ள அத்தனை டிரைவரிடமும் சொல்லியாகிவிட்டது. இனிமேல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாற்றிச் சொல்வது?

"அதுக்கு எவ்ளோ பீஸு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"வருஷத்துக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். நான் கவர்மெண்ட் ஸ்கூலுல படிச்சதால மாசம் ஆயிரம் ரூபா அவங்களே என் அக்கவுண்ட்ல போட்டுடுவாங்க. டவுன் பஸ்ஸும் ஃப்ரீ."

"பாத்தியா அம்சா! ஆட்டோவுக்கு ரெண்டு டயரு மாத்துற காசு! அவங்களே காசு குடுத்துப் படிக்கக் கூப்புடுறாங்கன்னா அதுல ஏதோ வில்லங்கம் இருக்குதுன்னுதான அர்த்தம்?"

"பி.காமுக்கும் அதே பீஸுதாம்ப்பா. அதுக்கும் ஆயிரம் ரூபா உண்டு."

"அதுக்கு அப்புறம் சென்னையில ரெண்டு லட்சம் கட்டுவோமில்ல!" என்று கத்தினார். கத்திய பிறகு, தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கொஞ்சம் குழப்பமாக இருந்தது.

மனைவி அம்சவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு டிபன் பாக்ஸை மூடினாள். அவள் பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைக்கும் பொம்மைக்கும் பிசிறு தட்டி, தேய்த்துப் பதமாக்குகிற வேலை பார்க்கிறவள். எட்டு மணிக்குப் போகாவிட்டால் அரைநாள் கூலி போய்விடும். போகிற போக்கில், "அவ கேட்டத எடுக்கட்டுமேங்க" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனாள்.

இந்தப் பெண்ணுக்கு இந்தக் கிறுக்கு எப்போது பிடித்தது என்று பழமலைக்கு நன்றாகவே தெரியும். வெளியூர்க்காரர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போது, "இது அஞ்சாயிரம் வருஷத்துக் கோயிலு சார்" என்று வழக்கமாக ஒரு போடு போடுவார். எட்டாவது படிக்கும்போது ஒருநாள் முன்சீட்டில் ஒட்டிக்கொண்டு வந்த தமிழினி, "யாரு சொன்னா? எதுல இருக்குது?" என்று கேட்டு, வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்து, மானம் போயிற்று. அதற்கப்புறம் கோயில் சுவர்க் கல்லெழுத்துகளைப் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைவதும், வீட்டில் யார் என்ன சொன்னாலும் "யாரு சொன்னா?" என்பதும் அவளுக்கு வாடிக்கையாகிவிட்டது.

"சரி," என்றார் பழமலை. கோபத்தில் அவருக்கு எப்போதும் ஒரு சவால் வரும். "வண்டியில தெனம் அம்பது பேரு ஏறுறாங்க. ஏறுறவங்களை எல்லாம் கேக்குறேன். ஹிஸ்டரி படிச்சிட்டு ஒழுங்கான வேலையில இருக்குறவங்க பத்துப் பேரு ஞாயித்துக்கிழமைக்குள்ள சிக்குனா, நீ ஹிஸ்டரி எடு. ஒன்னு கொறஞ்சாலும் பி.காம். சம்மதமா?"

"சம்மதம். ஆனா, வேலை கெடைக்காதவங்களையும் எழுதணும்ப்பா."

"அவங்கள எதுக்கு? அது எனக்குத்தான சாதகம்?"

"நல்லது மட்டும் எழுதுனா அது ஹிஸ்டரி இல்லப்பா, நோட்டீஸு" என்று ஒரு நாற்பது பக்க நோட்டை நடுவில் கோடு போட்டு நீட்டினாள்.

அன்றைக்கு முதல் சவாரி, வழக்கம்போல காலேஜ் மேடம். பேர் சிவசங்கரி. ஆறு வருஷமாகக் காலை ரயிலில் வந்து இறங்குவார், இவர் வண்டியில்தான் காலேஜுக்குப் போவார். ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் எண்ணி வைப்பார் என்பதால், கணக்கு டீச்சர் என்று பழமலை என்றைக்கோ முடிவு கட்டியிருந்தார். தெரிந்த ஆளிடம் போய் என்ன கேட்பது? லீவு நாளிலும் அட்மிஷன் வேலை இருக்கிறதாம், போனில் பேசிக்கொண்டே வந்து இறங்கிப் போனார்.

அடுத்து ஏறியவன் முதுகில் பெரிய மூட்டையோடு ஒரு பார்சல் பையன். வண்டி பஞ்சராம்.

"தம்பி என்னா படிச்சிருக்குற?"

"பி.ஏ. ஹிஸ்டரிண்ணே."

பழமலைக்கு ஹேண்ட்பாரை விட்டுவிட்டுக் கைதட்டலாம்போல இருந்தது. வண்டியை ஓரம் கட்டி உடனே மகளுக்குப் போன் போட்டார். "மொத போணியே மூட்ட தூக்குறான், பாப்பா! எழுதிக்க!" அந்தப் பையன் இறங்கும்போது, "எங்க ஆபீஸ்ல மூட்ட தூக்குறவங்கள்ல ஆறு பேரு இன்ஜினியருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அதைப் பழமலை போனில் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் மனசு கேட்காமல் சொன்னார்.

மறுநாள் கோயில் வாசலில் ஒரு அம்மா ஏறினாள். "என்னா படிச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்பதற்கு முன்னால் அவள் முந்திக்கொண்டு, "காக்கிச் சட்ட எங்க?" என்றாள். மஃப்டியில் வந்த சப்-இன்ஸ்பெக்டர்! சீட்டுக்கு அடியில் கிடந்த சட்டையை எடுத்துத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, கேள்வியைக் கேட்டார். "பி.ஏ. ஹிஸ்டரி. ஏன், அதுல ஏதாவது கேஸு இருக்குதா?" என்றாள் அவள். ஒன்று.

புதன்கிழமை மட்டும் மூன்று. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் கிராம நிர்வாக அலுவலர் ஒருத்தர், ஹிஸ்டரி முடித்துவிட்டு சட்டம் படித்த வக்கீல் ஒருத்தர், அறநிலையத் துறையில் செயல் அலுவலர் ஒருத்தர். தேர்வு எழுதிப் பாஸ் செய்ததைப் பற்றி அந்த வி.ஏ.ஓ. பேச ஆரம்பித்தவர், இறங்க வேண்டிய இடம் தாண்டியும் பேசிக்கொண்டே வந்தார். வேலை இல்லாத பக்கத்திலும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். தமிழினி இரண்டையும் ஒரே பேனாவால், ஒரே அழகான கையெழுத்தில் எழுதினாள்.

வியாழக்கிழமை ஏறியவர் மங்கலம்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பாய். "நான் படிக்கல தம்பி. எங்க அக்கா மவன் ஹிஸ்டரிதான். ஷார்ஜாவுல மியூசியத்துல இருக்கான்" என்றார். கேள்விப்பட்டது செல்லாது என்பது தமிழினி போட்ட சட்டம். பழமலை தயங்கித் தயங்கி அதைச் சொன்னதும் பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. ஓடுகிற வண்டியிலேயே வீடியோ கால் போட்டார். கோட்டும் டையுமாக ஒரு பையன் தெரிந்தான். சலாம் சொல்லி, பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைக் காட்டினான். உடைந்த பானை ஓடு, நாலு துண்டு.

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே பழமலை கத்தினார். "அம்சா! ஒடஞ்ச பானைக்கு ஏசி போட்டு, அதப் பாத்துக்க ஆளு போட்டு, சம்பளம் குடுக்குறாங்கடி!"

"எங்க கம்பெனி பின்னால அது லாரி லாரியாக் கெடக்குது" என்றாள் அம்சவல்லி. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சிரித்து முடித்த பிறகுதான் பழமலைக்கு ஒன்று உறைத்தது. ஜெயிக்க வேண்டியவர் அவர். எண்ணிக்கை ஏற ஏற அவருக்கு ஏன் இத்தனை சந்தோஷம்?

வெள்ளிக்கிழமை அவர் ஜங்ஷனில் நிற்கவே இல்லை. தாலுகா ஆபீஸ் வாசலிலும் பேங்க் வாசலிலும் போய் நின்றார். "என்னா மாமா, ஏரியா மாறிட்ட?" என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்ததைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் ஒன்பது ஆகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு ஆள்.

அந்த ஆள் சனிக்கிழமை மாலை வந்தாள். பஸ் ஸ்டாண்டில் பளிச்சென்று சேலை கட்டி, கைப்பையோடு ஏறிய பெண். கேட்பதற்கு முன்னாலேயே, "நான் பி.ஏ. ஹிஸ்டரிங்க. டீச்சரா இருக்கேன்" என்றாள். பழமலைக்குத் தலைகால் புரியவில்லை. காசு வாங்கவில்லை. அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்.

"பத்து! எழுது பாப்பா! டீச்சரு!"

தமிழினி நோட்டை எடுத்தாள். எழுதவில்லை. "எந்த ஸ்கூலு?"

"அது கேக்கல. ஆனா டீச்சருதான். நகத்துல எல்லாம் வெள்ள வெள்ளையா சாக்பீஸ் பவுடரு. நானே பாத்தேன்."

"ப்பா, ஸ்கூலு இன்னும் தொறக்கல. லீவுல ஏது சாக்பீஸு?"

தமிழினி மெதுவாகத் திரும்பி அம்மாவின் கையைப் பார்த்தாள். அம்சவல்லியின் நகத்திலும் அதே வெள்ளை. இந்த ஊரில் பாதிப் பெண்களின் நகத்தில் இருக்கிற பீங்கான் மண்.

"செல்வநாயகிதான்," என்று அம்சவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கூட வேலை செய்யிறவ. பத்தாவது வரைக்கும் படிச்சவ. நாந்தான் அனுப்புனேன். ஒன்னே ஒன்னுதான கொறையுதுன்னு..."

பழமலைக்கு வந்திருக்க வேண்டிய கோபம் வரவே இல்லை. "பரவால்ல பாப்பா, எழுதிக்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார், ஏதோ தானே தப்புச் செய்தவர் மாதிரி.

"எனக்குத் தெரியுமே" என்றாள் தமிழினி. கண்ணில் தண்ணீர் தளும்பியது. ஆனாலும் ஒன்பதுக்கு அடியில் ஒரு கோடு போட்டு நோட்டை மூடிவிட்டாள். ஜாங்கிரியை யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து பழமலை ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தார். ஆபீஸ் எல்லாம் பூட்டு. ஏறியவர்கள் எல்லாம் கல்யாண வீட்டுக்காரர்கள். ஒரு மாப்பிள்ளைத் தோழனைக் கேட்டதற்கு, "எங்களுக்குப் பொண்ணு பாக்குறீங்களா?" என்று அவன் வெட்கப்பட்டான். இருட்டுகிற நேரத்தில் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். தமிழினி சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "பி.காமும் நல்ல படிப்புதாம்ப்பா" என்றாள். அவள் சமாதானம் சொன்னதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை கல்லூரிக் கூடத்தில் கூட்டம் நெரிந்தது. பேர் கூப்பிட்டதும் அப்பாவும் மகளும் மேசைக்குப் போனார்கள். எதிரில் உட்கார்ந்திருந்தது சிவசங்கரி மேடம்.

"அட, பழமலை! ஒங்க பொண்ணா? காலையில ஜங்ஷன்ல ஒங்களைக் காணோமேன்னு பாத்தேன்." மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். "ஹிஸ்டரியில தொண்ணூத்தொம்போதா! எந்த சப்ஜெக்ட் எடுக்கற?"

"பி.காம்" என்றாள் தமிழினி. குரல் மேசையைக்கூடத் தாண்டவில்லை.

மேடத்தின் பேனா இறங்கியது. பழமலை பாய்ந்து அந்தப் பேனாவுக்கும் பேப்பருக்கும் நடுவில் கையை வைத்தார்.

"எழுதாதீங்க மேடம்! ஒம்போது போதும் பாப்பா. அப்பா தோத்துட்டேன்னு வெச்சிக்க. ஹிஸ்டரின்னு சொல்லு."

"பத்துன்னு நீதானப்பா சொன்ன? ஒம்போதைப் பத்துன்னு எப்புடி எழுதறது?"

"பிடிவாதம் புடிக்காத!"

"நீ மட்டும்?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். என்ன ஒன்பது, என்ன பத்து என்று மேடம் முழித்தார். பழமலை வாயில் ஒரு வாரமாகப் பழகிப்போன ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"மேடம், நீங்க என்னா படிச்சிருக்கீங்க?"

"நானா? எம்.ஏ. ஹிஸ்டரி, பிஎச்.டி. ஏன்?"

அப்புறம் பழமலை போட்ட சத்தத்தில் கூடத்தின் கடைசி பெஞ்சில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

"பத்து!"

மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பத்து பாப்பா! ஆறு வருஷமா என் வண்டியிலயே ஏறி எறங்குது! குருட்டுப் பய நான், ஒரு வார்த்த கேக்கலையே!" என்று சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தமிழினி உடனே சிரிக்கவில்லை. மேசை மேல் இருந்த பெயர்ப்பலகையைக் குனிந்து படித்தாள். 'முனைவர் சிவசங்கரி, துறைத்தலைவர், வரலாற்றுத் துறை.' பையிலிருந்து நோட்டை எடுத்து, போட்ட கோட்டை அடிக்காமல், அதற்குக் கீழே பேரையும் தேதியையும் எழுதினாள். "ஞாயித்துக்கெழமையோட கெடு முடிஞ்சிடுச்சுப்பா. ஆனா மேடம் போன திங்கக்கெழமையே ஏறுனாங்க இல்ல? அதனால செல்லும்" என்றாள். அப்புறம்தான் முகம் முழுக்கச் சிரித்தாள்.

நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்த மேடம், வேலை இல்லாதவர்கள் பக்கம் வந்ததும் நிறுத்தி, தமிழினியை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். பேனாவை எடுத்து, பி.ஏ. வரலாறு என்று எழுதினார்.

பணம் கட்டுகிற இடத்தில் பழமலை சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் என்றார் கிளார்க். "மாசத்துக்கா சார்?" என்று கேட்டார். தெரிந்தே கேட்டதுதான். அதில் ஒரு ஆனந்தம்.

"பேங்குல இருக்குற மீதிய என்னா பண்றது பாப்பா?"

"எம்.ஏ.வுக்கு வெச்சிக்கப்பா. முதல்ல ரெண்டு டயர மாத்து, வண்டி வழுக்குது."

சாயங்காலம் காத்திருந்து மேடத்தையும் ஏற்றிக்கொண்டு ஜங்ஷனுக்குக் கிளம்பினார். பின்சீட்டில் மேடமும் தமிழினியும். கோயில் கோபுரத்தைத் தாண்டும்போது அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மேடம், ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. இத்தினி வருஷமா நீங்க கணக்கு டீச்சருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"யாரு சொன்னா?" என்று பின்னாலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் கேட்டன.

பழமலை கண்ணாடியில் பார்த்தார். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சரியான இடத்தில்தான் சேர்த்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. ஹாரனை ஒரு தரம் சும்மாவே அடித்துவிட்டு, ஜங்ஷன் பக்கம் வண்டியைத் திருப்பினார்.