தண்ணீர் மறுத்த ஆய்வைத் தள்ளியது யார்?

1

இக்கதை பிறந்த இடத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்: அடையாற்றில் ஒரு பிரசவ விடுதி. பிள்ளை பெற்ற ஒருத்தி தண்ணீர் கேட்டாள். வயிறு பெருத்துவிடும், தையல் ஆறாது என்று மறுத்தார்கள். மேடையாக இருந்தால் இந்த இடத்தில் முழங்கியிருப்பேன். கதையில் முழங்கக் கூடாதாம். முயல்கிறேன்.

2

"மாதர் குலத்தின் மீது பூட்டிய விலங்குகளிலேயே கொடிய..." (வேண்டாம். இது துண்டறிக்கை.)

1996, மயிலாப்பூர். மருத்துவர் கூட்டத்தில் டாக்டர் விஜயலக்ஷ்மி எழுந்தாள். தண்ணீர் மறுப்பதால் நன்மை உண்டா என்று நடந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் திரட்டி, முன்பே வகுத்த விதிகளால் சலித்து, முடிவை அறிவிக்க வந்திருந்தாள். பெயருக்கு மயங்கிவிடாதிருக்க, ஆய்வாளர் பெயர்களை நீக்கி, செய்முறையை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்யச் சொல்லி, இருவர் மதிப்பிட்டார்கள்: அவளும், அவளுடைய பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவனும்.*

* இவரை வில்லனாக்கப் பார்த்தேன். பிடி கொடுக்கவில்லை.

3

தண்ணீர் மறுப்பை ஆதரித்த ஒரே ஆய்வு தள்ளப்பட்டது என்று அவள் படித்ததும், முன்வரிசையில் பேராசிரியர் எழுந்தார்.

"அது என்னோட பழைய ஸ்டடிம்மா. யார் தள்ளினா?"

மதிப்பீடு முடிந்து அவள் தனியே பெயர்களைத் திறந்து பார்த்த நாளிலிருந்தே அவள் அஞ்சிய கேள்வி அது. படித்த அந்த ஒரு வரியைத் திரும்பப் பெற்றால் அவளுடைய பதவி பிழைக்கும். விடுதிகளில் தாகமும் பிழைத்திருக்கும். மேசைமேல் இருந்த தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். (இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதி... அடித்துவிட்டேன். அவள் அழவில்லை.)

"நானும் நீங்களும்தான் சார். பேர் இல்லாம படிச்சப்ப, 'தண்ணி குடிச்சவா ஒருத்தர்கூட இதுல இல்லையே, எதோட ஒப்பிட்டான் இந்த மகானுபாவன்?'னு கேட்டீங்க."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கித் தோற்றார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நானா கேட்டேன்?"

"ஆமா சார்."

"சரியாத்தான் கேட்டிருக்கேன். மேல படி."

படித்தாள். மறுப்பதால் நன்மை உண்டென்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. முதலில் கைதட்டியவர் தள்ளப்பட்டவரே.

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் ஊரிலுள்ள விடுதிகள் யாவும் மறுநாளே திருந்துகின்றன. இன்னொன்றில் அறிக்கை அலமாரியில் உறங்குகிறது. இரண்டையும் கிழித்தெறிந்தேன். அரங்கில் பகுத்தறிவு வென்றது; அதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை.

உங்கள் வீட்டில் ஒருத்தி பிள்ளை பெற்றுப் படுத்திருப்பாள். தண்ணீர் கேட்பாள். சேதி உங்கள் காதுக்கு வந்துவிட்டது. சொம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடைசி வரி உங்களுடையது.