சாமி அலமாரியிலிருந்து ஒன்று

கத்தரிக்காய்க்கு மீசை வரைந்து சூரபத்மன் ஆக்கியாகிவிட்டது. வேலுக்கு எதை வைப்பது என்பதுதான் சுலோசனாவுக்கு ஓடவில்லை. தோசைத் திருப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். முருகன் போருக்குப் போகிற மாதிரி இல்லை, தோசை சுடப் போகிற மாதிரி இருந்தது. முள்கரண்டியைப் பிடித்துப் பார்த்தாள். அது இன்னும் மோசம். கடைசியில் சாமிக்கு வாங்கி வைத்திருந்த வெற்றிலை ஒன்றை ஊதுவத்திக் குச்சியில் செருகி நிமிர்த்தினாள். அச்சு அசல் வேல். தனியாக நின்று அவளே சிரித்துக்கொண்டாள்.

கைபேசியை மிளகாய்த்தூள் டப்பாமேல் சாய்த்து வைத்து மறுநாள் வகுப்புக்கு ஒத்திகை தொடங்கியது. "இந்த மீசைக்காரர் யாரு, சொல்லுங்க பாப்பம்?" என்று கேட்டாள். பதிலையும் அவள்தான் சொல்ல வேண்டும். விமல்ராஜ் 'கத்தரிக்கா' என்பான், மற்றதுகள் சிரிக்கும். கேமராவை அணைத்து வைத்திருக்கும் இரட்டைப் பெண்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பூர்ணிமா பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டு மெல்லச் சிரிப்பாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குரல் வைத்திருந்தாள் சுலோசனா. பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் அந்த வீட்டுக்குள் சனிக்கிழமை மாலைகளில் இத்தனை குரல் கேட்பதைப் பக்கத்து வீட்டார் என்னவென்று நினைத்தார்களோ, யாரும் வந்து கேட்டதில்லை. வந்து கேட்டால் காப்பி கொடுத்து உட்கார வைத்திருப்பாள்.

வாரம் முழுக்கக் கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு வேலை. மார்கழி வந்தால் தெருப் பிள்ளையார் கோயிலில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள். அந்தக் கல்லூரியில் படித்து, கல்யாணமாகிப் பாரீசுக்குப் பக்கத்தில் குடிபோன சத்யப்பிரியாதான் அதை நினைவில் வைத்திருந்து ஒருநாள் கூப்பிட்டாள். அங்கே பாண்டிச்சேரிக் குடும்பங்கள் இருபது முப்பது இருக்கின்றன, பிள்ளைகளுக்குப் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஞாயிறுதோறும் கைபேசியில் வகுப்பு எடுக்க முடியுமா என்றாள். சுலோசனா தயங்கினாள். நமக்கு ஏன் இந்த வம்பு என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சத்யப்பிரியா பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். நாலாவது பெயர் பூர்ணிமா. அம்மா பெயர் தேவிப்பிரியா, ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது, பாவம் பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கும் என்றாள்.

தேவிப்பிரியா சுலோசனாவின் கூடப்பிறந்த தங்கை. பூர்ணிமா தங்கை மகள். சுலோசனா அதுவரை அந்தக் குழந்தையைக் கண்ணால் பார்த்ததில்லை.

"எடுக்கறேன் சத்யா. ஆனா என் பேரெல்லாம் போட வேணாம். டீச்சர்னே போடு, போதும்" என்று சொல்லிவிட்டாள்.

நடந்தது பெரிய கதை ஒன்றுமில்லை. ஆறு வருஷம் முன்னால் அம்மா ஒரு வியாழக்கிழமை ராத்திரி போய்ச்சேர்ந்தாள். தேவிப்பிரியா விமானம் பிடித்து வந்து சேரச் சனிக்கிழமை ஆகும். ஐஸ் பெட்டி வந்துவிட்டது, வைத்திருந்திருக்கலாம். ஆனால் கோவிந்தராசு சித்தப்பாவும் பங்காளிகளும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று நின்றார்கள். எல்லாரும் சுலோசனாவின் முகத்தைப் பார்த்தார்கள். அழுது அழுது ஓய்ந்திருந்தவள் தலையை ஆட்டிவிட்டாள். அந்த ஒரு தலையாட்டல்தான். மறுநாள் காலையில் பெட்டியோடு வந்து இறங்கிய தங்கை வாசலில் கிடந்த நசுங்கிய சாமந்திப் பூக்களைப் பார்த்தாள். படியேறவில்லை. "எனக்கு அம்மாவும் இல்ல, இன்னியோட அக்காவும் செத்துட்டா" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு, வந்த காரிலேயே திரும்பிப் போய்விட்டாள். அதன்பிறகு போன் போட்டால் எடுப்பதில்லை. பிறகு அந்த எண்ணும் இல்லாமல் போயிற்று.

ஆகவே சுலோசனாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது வகுப்பு மட்டும் அல்ல. திரையில் உள்ளங்கை அகலக் கட்டம் ஒன்றில் தங்கையின் நெற்றியும் தங்கையின் காதும் கொண்ட ஒன்பது வயதுப் பிள்ளை வந்து உட்காரும், "போன்ழூர் டீச்சர், வணக்கம் டீச்சர்" என்று இரண்டு மொழியிலும் சொல்லும். அதைக் கேட்பதற்காக அவள் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட வீட்டில் ஆள் இல்லை. அலுவலகத்தில் மேடம், கடையில் அம்மா. சத்யப்பிரியா மட்டும் அக்கா என்பாள்.

அந்தச் சத்யப்பிரியாதான் வியாழக்கிழமை போன் செய்து, சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இழுத்தாள். "நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்கக்கா. பசங்க கேமராவ ஆஃப் பண்ணிட்டு கேம் ஆடுதுங்க. மூணு பேரு நின்னுட்டாங்க. அந்த நேரத்துக்கு டான்ஸ் கிளாஸ் வெக்கலாம்னு பேரன்ட்ஸ்லாம் பேசிக்கறாங்க. இந்த ஞாயித்துக்கிழம நானும் உள்ள வந்து பாக்கறேன்க்கா. பசங்கள அசையவிடாம புடிச்சு வெக்கற மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க."

"பண்ணிடலாம் சத்யா" என்றாள் சுலோசனா, ஏதோ அடுப்பில் பால் பொங்குகிற அவசரம்போல. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. டான்ஸ் கிளாஸ் வந்துவிட்டால் பூர்ணிமா ஆடப் போய்விடுவாள். டான்ஸ் சொல்லித்தர யாரோ ஒருத்தி வருவாள். அவளுக்குத்தான் இனி போன்ழூர், வணக்கம்.

கத்தரிக்காயும் வெற்றிலை வேலும் தயாரான பிறகும் சுலோசனாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஐந்து நிமிஷம் சிரிக்கும், ஆறாவது நிமிஷம் கேமராவை அணைக்கும். உட்கார வைத்தால்தானே பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை, ஓடவிட்டால் என்ன என்று தோன்றியது. அவரவர் வீட்டுச் சாமி அலமாரியிலிருந்து தனக்குப் பிடித்த ஒன்றை ஓடிப்போய் எடுத்து வரவேண்டும். கேமரா திறந்திருக்க வேண்டும். முதலில் வருகிறவருக்கு முதலில் பேச உரிமை. யோசிக்க யோசிக்க அவளுக்கே உற்சாகம் தொற்றிக்கொண்டது. கோயிலில் இந்த ஆட்டம் நடக்காது, வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் நடக்கும். நல்ல பாடம்தான். ஆனால் பாடத்துக்குள் ஒரு திருட்டுத்தனமும் இருந்தது, அதை அவள் தனக்கே மறைக்கவில்லை. தங்கை எந்தச் சாமியை வைத்துக் கும்பிடுகிறாள், கல்யாணமாகிப் போகும்போது அம்மாவின் பித்தளை விளக்கை எடுத்துப்போனாளே அது இருக்கிறதா, அம்மா படத்தை எங்கே மாட்டியிருக்கிறாள் என்று எட்டிப் பார்க்கிற ஆசை. வாசல் வழியாகப் போக முடியாதவள் கைபேசி வழியாகப் போகப் பார்த்தாள்.

ஞாயிறு மதியம். இங்கே தெருவே உண்ட மயக்கத்தில் கிடந்தது, அங்கே காலை. ஏழு கட்டங்கள் திறந்தன. எட்டாவதில் சத்யப்பிரியா, மைக்கை அணைத்துக்கொண்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவளாக உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்காய்ச் சூரபத்மனுக்குச் சிரிப்பு கிடைத்தது. இரட்டைப் பெண்களில் ஒருத்தி கேமராவைத் திறந்தேவிட்டாள். சூட்டோடு சூடாகச் சுலோசனா ஆட்டத்தைச் சொன்னாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, ஓடுங்க!"

திபுதிபுவென்று சத்தம். நாற்காலிகள் சுழன்றன. அடுத்த கணம் திரையில் பிள்ளைகள் யாரும் இல்லை, ஏழு வெறும் அறைகள் மட்டும் இருந்தன. ஒன்றில் துணி உலர்த்தும் கம்பி, ஒன்றில் அரிசி மூட்டை. பூர்ணிமாவின் கட்டத்தில் மஞ்சள் சோபா, அதன்மேல் மடிக்காத போர்வை, பின்னால் பாதி திறந்த கதவு. சுலோசனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்தாள். தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

பிள்ளைகள் மூச்சிரைக்க வந்து விழுந்தன. மணி வந்தது, விபூதி டப்பா வந்தது, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பிள்ளையார் வந்தார். ஆளாளுக்குக் கத்தியதில் யார் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. சத்யப்பிரியா வாய்விட்டுச் சிரிப்பது தெரிந்தது. விமல்ராஜ் மாலை போட்ட ஒரு கிழவரின் படத்தைத் தூக்கிக் காட்டினான்.

"எங்க தாத்தா டீச்சர். சொல்தாவா இருந்தாரு. வியத்நாம்ல சண்ட போட்டாரு. அவருதான் எனக்குப் புடிச்ச சாமி."

பட்டாளத்துத் தாத்தா நெஞ்சில் பதக்கத்தோடு முறைத்தார். சுலோசனா அன்பாகத்தான் சொன்னாள், இருந்தாலும் டீச்சர் குரலில் சொன்னாள். "தாத்தா நல்லவருதான் விமலு. ஆனா எறந்தவங்க படத்த சாமியோட சேத்து வெக்கக் கூடாது. அவங்களுக்குன்னு தனி எடம். தெக்குச் சுவத்துல மாட்டணும். அம்மாகிட்ட சொல்றியா?"

"தக்கோர் டீச்சர், சொல்றேன்" என்று தலையாட்டினான் விமல்ராஜ்.

பூர்ணிமா கடைசியாக வந்தாள். ஏதோ ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். சட்டத்தின் முதுகுப்பக்கம்தான் தெரிந்தது, ஆணியும் கயிறும்.

"நீ என்ன கண்ணு கொண்டாந்த?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

"பரவால்ல, காட்டேன்."

"நீங்கதான் இப்பச் சொன்னீங்க, வெக்கக் கூடாதுன்னு. எங்க வீட்ல சாமியோடதான் வெச்சிருக்காங்க."

தன் அம்மா படம் என்று சுலோசனாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அந்தப் பச்சைப் புடவைப் படமாக இருக்கும். அம்மாவை அங்கே பார்க்கப் போகிறோம் என்று அவளுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "ஒண்ணும் சொல்லமாட்டேன், காட்டு கண்ணு" என்று கெஞ்சினாள்.

பூர்ணிமா படத்தைத் திருப்பினாள்.

அம்மா இல்லை. அரக்குப் பட்டுப் புடவையில் ஒரு பெண், கையில் ஆரத்தித் தட்டு, ஒரு தோளில் முன்னால் எடுத்துவிட்ட கனத்த பின்னல். கண்ணாடிச் சட்டத்தின்மேல் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தது. இன்னொரு தோளில் மருதாணி போட்ட ஒரு கை கிடந்தது. கை மட்டும்தான், ஆளை வெட்டிவிட்டிருந்தார்கள். தங்கை கல்யாணத்தில் எடுத்த படம். அந்தப் புடவை பீரோவில் இன்னும் இருக்கிறது. சுலோசனா தன் முகத்தையே யாரோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அது?" என்றான் விமல்ராஜ்.

"எங்க பெரியம்மா. பாண்டில இருந்தாங்க. செத்துட்டாங்க."

நரைத்த தலையும் கண்ணாடியுமாக இருந்தவளைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. சத்யப்பிரியா குனிந்து தன் குழந்தைக்கு ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தாள். சுலோசனா கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வலித்தது. அக்கா செத்துட்டா என்று அன்று சொன்ன சொல்லை இப்படியா ஒருத்தி காப்பாற்றுவாள் என்று வலித்தது. அதோடு, அந்தக் குங்குமம் புதிதாக இருக்கிறதே என்றும் மனம் அதிலேயே போய் நின்றது.

"அம்மா டெய்லி பூ வெப்பாங்க டீச்சர்" என்றாள் பூர்ணிமா, குற்றத்தைக் குறைக்கப் பார்ப்பவளாக. "வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்தறப்பதான் திட்டுவாங்க."

பிள்ளைகள் சிரித்தன. "சாமிய யாராச்சும் திட்டுவாங்களா?" என்றது ஒன்று.

"என்னன்னு கண்ணு திட்டுவாங்க?" சுலோசனாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டாள்.

"எனக்காக ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாக்கா, ஒரே ஒரு நாள்னு திட்டுவாங்க. அப்புறம் அழுவாங்க. அப்புறம் தோச ஊத்துவாங்க." பூர்ணிமா படத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "இப்ப இத எடுத்துடணுமா டீச்சர்? எங்க வீட்ல தெக்குச் சுவரு எது?"

எல்லாக் கேமராவும் திறந்திருந்தது. ஒரு பிள்ளையும் அசையவில்லை. நான்தான் அது என்று ஒரு வார்த்தை சொல்லலாம். பிள்ளை அலறும், ராத்திரி தேவிப்பிரியா வருவாள், அடுத்த ஞாயிறு இந்தக் கட்டம் இருக்காது. எடுத்துவிடு என்று சொல்லலாம். பிள்ளை அம்மாவிடம் போய் டீச்சர் சொன்னார்கள் என்று சொல்லும், அவள் எடுத்தாலும் எடுத்துவிடுவாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் சுலோசனா உயிரோடும் இருக்கமாட்டாள், செத்தும் இருக்கமாட்டாள். வெள்ளிக்கிழமை திட்டு விழுவதற்குக்கூட ஆள் இருக்காது.

"வேணாம் கண்ணு. எடுக்காத."

"நீங்கதான சொன்னீங்க..."

"நான் சொன்னது தப்பு. விமலு, நீயும் தாத்தாவ எடுக்காத. அம்மா எங்க வெச்சாங்களோ அங்கயே இருக்கட்டும்."

பூர்ணிமாவின் முகம் தெளிந்துவிட்டது. "இன்னிக்கிப் பூ வெக்கல டீச்சர். அம்மா இருட்டோடவே வேலைக்குப் போயிட்டாங்க. ஃப்ரிட்ஜ்ல இருக்கு. நான் வெச்சுடட்டுமா?"

"வையி."

பிள்ளை படத்தைக் கைபேசிக்கு எதிரில் எதன்மேலோ சாய்த்து நிறுத்திவிட்டு ஓடினாள். பூர்ணிமா என்று பெயர் எழுதிய கட்டத்தில் இப்போது அரக்குப் புடவைக்காரி மட்டும் இருந்தாள், தோளில் தங்கையின் கையோடு. கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கை வந்து, ஈரமான மல்லிகைத் துண்டு ஒன்றைச் சட்டத்தின் உச்சியில் வைத்தது. அது நழுவி விழுந்தது. கை மறுபடி எடுத்து வைத்தது. மறுபடி நழுவியது. லாஸ்பேட்டையில் சுலோசனா தலையை அசைக்காமல், மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு, பூ நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.