சுற்றி வரும் வசனம்

மருந்துக்கடைக்காரர் லூக்கா இருபத்திரண்டாம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னதும் சூப்பர்வைசர் செய்த முதல் காரியம், தலைகளை எண்ணியது. வேதவாசிப்புக் கூட்டத்துக்கு வருகிற எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான். ஆளுக்கொரு வசனமாக வட்டம் சுற்றி வரும். நம் தலையில் எது விழும் என்று முன்கூட்டியே பார்த்து, வாயில் நுழையாத பெயர் இருந்தால் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் வாசிப்பது அதுவரை யார் காதிலும் ஏறாது. சூப்பர்வைசர் விரலை வைத்துக் கீழே இறங்கினார். முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுரு, பிடித்துக் கொண்டுவரப்பட்ட தன் ஆண்டவரை யாரென்றே தெரியாது என்று வேலைக்காரியிடம் சாதிக்கிற இடத்தில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணிப் பார்த்தார். அதே இடம்தான்.

அவருக்கு அடுத்து அவர் மனைவி, அப்புறம் தம்பி, அதற்கடுத்துத் தம்பி மனைவி. அண்ணன் குடும்பம் கீழே, தம்பி குடும்பம் மாடியில். இருவருக்கும் ஒரே கிடங்கில் வேலை. அண்ணன் அங்கே சூப்பர்வைசர், தம்பி பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவன். "பிரேக் சரியாப் பிடிக்கலைண்ணே" என்று விபத்து நடந்த அன்று காலையில் தம்பி வந்து சொன்னான். "லாரி காத்துக்கிட்டு நிக்குதுடா. இன்னிக்கு ஒரு நாள் சமாளிச்சு ஓட்டு" என்று அண்ணன் சொன்னார். மதியத்துக்குள் வண்டி அடுக்கில் மோதியது. சரிந்த பெட்டிகள் ஒரு சுமைதூக்குகிறவரின் காலை முறித்துவிட்டன. "பிரேக் விஷயம் உங்க காதுக்கு வந்துச்சா?" என்று மேலாளர் கேட்டபோது, யோசிக்கக்கூட இல்லை, "வரலை சார்" என்று வாய் முந்திக்கொண்டது. நாளைக் காலை கடைசி விசாரணை. அவர் சொன்னது நின்றால் தம்பிக்கு வேலை போகும். மாற்றிச் சொன்னால் அவருக்குப் போகும். தம்பி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வசனம் இரண்டு ஆள் தள்ளி வந்துகொண்டிருந்தபோது, தையல்காரம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தார். சூப்பர்வைசர் துள்ளி எழுந்தார். "இங்க உக்காருங்கக்கா." தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, மனைவியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர்கூடத் தானாக எழுந்து போய்க் குடிக்காத மனிதர், இவருக்கு இன்றைக்கு என்ன வந்தது? தையல்காரம்மா பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வேலைக்காரி வசனத்தைக் கணீரென்று வாசித்து முடித்தார்.

அப்பாடா என்று குனிந்தவர் அப்போதுதான் தன் புது வசனத்தைப் பார்த்தார். வேறொருவன் கேட்கிறான், பேதுரு மறுபடியும் இல்லை என்கிறான். மூன்று முறை மறுதலித்தான் என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த மனிதர், ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தால் தப்பித்துவிடலாம் என்று எப்படி நினைத்தார்! எல்லோரும் காத்திருந்தார்கள். வாசித்தார். முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

அவர் மனைவி வாசித்தாள். மூன்றாவது மறுப்பு தம்பிக்கு விழுந்தது. அவன் தடுமாறாமல், சரக்குச் சீட்டை வாசிக்கிறவனைப் போல வாசித்தான். ஆண்டவர் திரும்பிப் பேதுருவைப் பார்த்த இடம் தம்பி மனைவிக்கு. பேதுரு வெளியே போய் மனம் கசந்து அழுததை மருந்துக்கடைக்காரர் வாசித்துப் புத்தகத்தை மடியில் கவிழ்த்தார்.

"சரி, இதுல நமக்கு என்ன புரியுது?"

"மனுஷன்னா சறுக்கத்தான் செய்வான்" என்றார் தையல்காரம்மா. "அழுதான், மன்னிப்புக் கிடைச்சுது."

"வெளியே போய் அழுதார்னுதான் இருக்கு" என்றாள் தம்பி மனைவி. குரல் உயரவில்லை. "திரும்ப உள்ள போய், இவரை எனக்குத் தெரியும்னு சொன்னதா ஒரு வரி இல்லையே?"

"பின்னாடி சொன்னாரேம்மா. எத்தனை பேர் முன்னாடி தைரியமாச் சொன்னார்!"

"பின்னாடி சொன்னார் அங்கிள். அன்னிக்கு உள்ள நின்னவர் தனியாத்தானே நின்னார்?"

மருந்துக்கடைக்காரர் பதில் தேடிப் பக்கத்தைப் புரட்டினார்.

"நான்தான் ஓட்டச் சொன்னேன்" என்றார் சூப்பர்வைசர். யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்து மறுபடி சொன்னார். "பிரேக் பிடிக்கலைன்னு தம்பி வந்து சொன்னான். நான்தான் பரவாயில்ல, ஓட்டுன்னேன்."

"என்னங்க!" மனைவி அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. தம்பி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"இங்க இருக்கிற யாரும் அவரை வேலையை விட்டு அனுப்பப் போறதில்ல அத்தான்" என்றாள் தம்பி மனைவி. "நாளைக்கு அங்க சொல்லுவீங்களா?"

சொல்லுவேன் என்பதற்குத்தான் வாயைத் திறந்தார். தோளில் மனைவியின் விரல்கள் இன்னும் அழுந்தின. சொல்லாமல் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். குடும்பச் சண்டையாகிவிடுமோ என்று பயந்த மருந்துக்கடைக்காரர் அவசரமாக, "ஜெபம் பண்ணுவோம், எல்லாரும் கண்ணை மூடிக்குங்க" என்று ஆரம்பித்துவிட்டார். நோயாளிகளுக்காக, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக, மழைக்காக என்று அவர் ஜெபம் இந்த அறையைத் தவிர எல்லா இடத்துக்கும் போய்வந்தது.

சூப்பர்வைசரால் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. திறந்தார். குனிந்த தலைகள், அசையும் உதடுகள். தம்பி மட்டும் கண்ணை மூடவில்லை. முகத்தைத் திருப்பி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் கோபம் இருக்கிறதா என்று அவர் தேடினார். இல்லை. ஆமென் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. தம்பி பார்வையை எடுக்கவில்லை.