உடுப்பிட்டியோடு நின்ற பக்கப்

எங்கள் ஸ்ரூடியோ முதலாளி தில்லைநாதன் அண்ணை பிள்ளையாரை நம்புவார், மஞ்சள் தண்ணீரை நம்புவார், என்னை மட்டும் நம்பமாட்டார். கொம்பியூட்டர் வேலைக்கென்று சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் என்னை, கொம்பியூட்டரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவிடமாட்டார்.

யாழ்ப்பாணத்துக் கலியாணம் என்றால் சும்மாவா? பொம்பிளை கண் சிமிட்டினால் பத்துப் படம், மாப்பிள்ளை தும்மினால் இருபது படம். அவை ஒவ்வொன்றுக்கும் சொஃப்ட்வெயர் வேறு குட்டிப் படங்களைப் போட்டு வைக்கும். எங்கள் சேர்வரில் கோடிக் கணக்கில் ஃபைல்கள் குவிந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பக்கப் டிஸ்குக்குப் படி எடுப்பது, அரிசி மூட்டையை அவிழ்த்து மணி மணியாக அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகிற வேலை.

"அண்ணை, டிஸ்கை முழுசாய் ஒருக்கா அப்பிடியே எடுப்பம். பிறகு ஒவ்வொரு நாளும் மாறின துண்டை மட்டும் எடுத்தால் காணும்," என்றேன்.

"அப்ப ஃபைல் பேர் ஓடுறது தெரியுமோ?"

"தெரியாது."

"கண்ணாலை காணாததை எப்பிடி நம்புறது? உந்த மாய வித்தையெல்லாம் எனக்கு வேண்டாம், பிள்ளை."

திரையில் பெயர்கள் ஓட, அதைத் தேத்தண்ணியோடு பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்குப் பக்கப்.

ஓடி முடிந்தாலாவது பரவாயில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தால் பக்கப்பை நிறுத்தி, டிஸ்கைக் கழற்றிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, கடை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சாம்பிராணி காட்டுவார். இடையில் நின்ற வேலையை நின்ற இடத்திலிருந்து தொடங்குவது தரித்திரமாம். ஆகவே பூசை முடியப் பழைய படியை அழித்து, தேங்காய் உடைத்து, மறுபடி முதலிலிருந்து. கலியாணங்களை ஊர் வாரியாக, ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தோம். அரியாலை ராசா மாதிரி முதலில் போகும். அடுத்த வெள்ளிக்குள் உடுப்பிட்டி வரைக்கும் வந்து நிற்கும். உடுப்பிட்டியிலிருந்து வல்வெட்டித்துறைக்கு நடந்தே போகலாம். எங்கள் பக்கப் மட்டும் ஒருநாளும் போய்ச் சேரவில்லை.

அந்த வல்வெட்டித்துறையில்தான் என் அக்கா உதயகலாவின் கலியாணம் இருந்தது.

அத்தான் நிருஷன் கனடாவிலிருந்து வந்து கட்டினவர். வரும்போது ஒரு நாகரிகமும் கொண்டுவந்தார்: மண்டபத்துக்குள் ஒருவரும் போன் தூக்கக்கூடாது! ஆகவே படமென்றால் எங்கள் ஸ்ரூடியோ எடுத்தது மட்டுமே. அல்பம் 'டிசைனில்' கிடக்கையிலேயே அவர் திரும்பிப் போய்விட்டார். அக்கா அவரிடம் போவதற்கு விசா வேண்டும். இது மெய்யான கலியாணம்தான் என்று காட்டப் படங்கள் கேட்டார்கள்.

அந்தக் கிழமை பார்த்து அண்ணைக்குப் பக்தி கூடிவிட்டது. மஞ்சள் தண்ணீர் சேர்வருக்குள்ளேயும் போனது. டப்பென்று ஒரு சத்தம், பின்னால் புகை. சாம்பிராணிதான் மணக்கிறதென்று நினைத்து அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார். டிஸ்குகளைக் கொழும்புக்கு அனுப்பினோம். அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள்.

அக்கா வந்து கதிரையில் இருந்தாள். "ஒண்டு கூட இல்லையோ, கஜானி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கடை மஞ்சள் தண்ணியாலை என்ரை அக்கான்ரை வாழ்க்கை போகுது!" என்று அண்ணையைப் பார்த்துக் கத்தினேன். அவர் மஞ்சள் தண்ணிச் செம்பை மெல்ல மேசைக்குக் கீழே தள்ளினார். அக்கா அழுதாள். நானும் அழுதேன்.

வேறு வழியில்லாமல், இன்னும் அழிக்காமல் சாமிப் படத்துக்கு முன்னால் தப்பிக் கிடந்த பக்கப் டிஸ்கை எடுத்துக் கொழுவினேன். முதலில் அரியாலை. அடக் கடவுளே! அத்தான் போவதற்கு முன் இரண்டு பேரும் அரியாலையில் அவருடைய சிநேகிதனின் கலியாணத்துக்குப் போனார்களே! அதற்கும் படம் எடுத்தது எங்கள் ஸ்ரூடியோதான்.

தேடிப் பிடித்தேன். முன்னால் மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், சனம் எழும்பி நின்று அறுகரிசி போடுகிறது. பின்னால் இவர்கள் இரண்டு பேரும் ஒரு வடைக்குச் சண்டை. அத்தான் பறிக்கிறார், அக்கா முறைக்கிறாள், அத்தான் பாதியைப் பிய்த்து அவள் வாயில் வைக்கிறார், அவள் சிரிக்கிறாள். எல்லாம் அடுத்தடுத்த படங்களில்.

நேர்முகத்தில் அதிகாரி அவற்றை நெடுநேரம் பார்த்துவிட்டு, இவர் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாராம். "ஓம், என்ரை வடையை ஒருநாளும் விடமாட்டார்," என்றாளாம் அக்கா. விசா வந்துவிட்டது.

அண்ணைக்கும் வாய் திரும்பி வந்தது. "பாத்தியே பிள்ளை? ஒவ்வொருக்காவும் முதலிலை இருந்து தொடங்கினபடியால்தானே அரியாலை தப்பினது!"

புதுச் சேர்வரில் நான் அவரைக் கேட்காமலே என் முறையில்தான் பக்கப் எடுக்கிறேன். அவருடைய திரையில் சும்மா ஃபைல் பெயர்களை ஓடவிட்டிருக்கிறேன். பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறார், பாவம்.

அக்கா கனடாவுக்குப் போய்விட்டாள். மகளுக்குத் தாலி கட்டின படம் ஒன்று அம்மாவிடம் இல்லை. அரியாலைப் படத்தைப் பெரிதாக்கி ஹோலில் மாட்டியிருக்கிறா. வருகிறவர்கள் உற்றுப் பார்த்து, "உது ஆர் பொம்பிளை?" என்று கேட்பார்கள்.

"அது ஆரோ அரியாலைப் பிள்ளை," என்பா அம்மா. "எங்கடை மூத்தவள் பின்னாலை, வடையோடை நிக்கிறாள்."