ஏரிக்குப் போகாத ஞாயிறு

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் யாரும் ஏரியில் வலை போட மாட்டார்கள். அம்மன் திருவிழாவுக்கும் அப்படித்தான். மூன்றாவதாக எனக்காக ஒரு நாள் தொழிலை நிறுத்தினார்கள். நான் செத்தும் போகவில்லை, சாமியும் ஆகிவிடவில்லை. பதினேழு வயதில் கொஞ்சம் நன்றாகக் கால்பந்து ஆடுகிறேன், அவ்வளவுதான்.

பொன்னேரியில் பெண்கள் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். மாநில அணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று பேச்சு. ஏரியோரச் சேற்றில் வெறுங்காலோடு பையன்களை ஏமாற்றி ஓடிய காலத்திலேயே ஊர் என்னைப் பேச்சிலேயே இந்தியாவுக்கு ஆட வைத்துவிட்டது. கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும், "இன்னா இளவரசி, எப்போ டிவியில வருவே?" என்பார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பெருமையாக இருந்தது. இப்போது எப்படியும் இல்லை.

ஆட்டத்துக்கு முந்தைய வாரம் பயிற்சியில் வலது முழங்கால் மடங்கி விழுந்தேன். நைனா டாக்டரிடம் கூட்டிப்போனார். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், உள்ளே தசைநார் பாதி கிழிந்திருக்கிறது என்றார். ஓய்வெடுத்தால் அடுத்த வருடம் ஆடலாம். இப்போதே ஆடினால் மீதியும் அறுந்துவிடும், ஆபரேஷன் செய்தாலும் பழைய ஓட்டம் வராது. நைனா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒலிபெருக்கி கேட்டது. "வர்ற ஞாயித்துக்கிழமை ஊர்க் கட்டுப்பாடு. யாரும் ஏரிக்குப் போகக் கூடாது. எல்லாரும் நம்ம பொண்ணு ஆடுறதப் பாக்க பொன்னேரிக்கு வரணும்." பேசியவர் ஊர்த் தலைவர் பொன்னுரங்கம். நைனா அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று போனார். நானும் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன்.

இறால் வரும் இடங்களை எங்கள் ஊரில் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரப் பாடுதான் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிற இடம். அந்த ஞாயிற்றுக்கிழமை அது பொன்னுரங்கத்துக்கே விழுந்திருந்தது. மழைக்கால இறால் வேறு.

"போவட்டும் துளசிங்கம். இறால் அடுத்த வருசமும் வரும். இது வருமா?" என்று நைனாவின் தோளில் தட்டினார்.

நைனா வாயைத் திறந்தார். "வேன் எத்தினி மணிக்குண்ணா?" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "உனக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம்மா," என்றார். அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இஷ்டம் என்று ஒன்று உள்ளே எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். அதுவும் இல்லை. "ஆடுறேன் நைனா," என்றேன்.

முழங்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டி, வலி மாத்திரை விழுங்கிவிட்டு மைதானத்தில் இறங்கினேன். கோட்டுக்கு வெளியே மேளத்தோடு ஊரே நின்றது. எதிரணிப் பெண் தடுக்கி விழுந்தாலும் எங்கள் ஆட்கள் மேளம் அடித்தார்கள். நான் பெரும்பாலும் நின்றபடியே ஆடினேன். ஆட்டம் முடியும் நேரத்தில் பந்து என்னிடம் வந்தது. ஒருத்தியைத் தாண்டினேன். இன்னொருத்தியை ஏமாற்ற வலது காலை ஊன்றித் திரும்பியபோது முழங்காலுக்குள் பட்டென்று அறுந்தது. விழுந்துகொண்டே இடது காலால் உதைத்தேன். கோல்.

அதோடு விசிலும் ஊதிவிட்டார்கள். எழுந்து நிற்க வேண்டிய அவசியமே வரவில்லை. பாய்ந்து வந்த கூட்டம் என்னை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டது. தேர்வாளர் ஒருவர் அண்ணாந்து பார்த்துக் கைகொடுத்து, முகாமுக்கு வந்துவிடச் சொன்னார். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், அழுகையாவது வரும் என்று பார்த்தேன். வலி மட்டும் வந்தது.

தோளிலிருந்து வேன், வேனிலிருந்து மறுபடியும் தோள். "இறக்காதீங்கப்பா, பொண்ணு களைச்சுப் போயிருக்குது," என்று சொல்லிக்கொண்டே நைனா கூடவே வந்தார். நான் விழுந்த விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

கோயில் வாசலில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். ஆரத்தியைத் தரையில் நின்றுதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று என்னை இறக்கினார்கள். நைனா ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இடது காலில் நின்றேன். பார்க்கிறவர்களுக்கு அப்பனும் மகளும் அணைத்துக்கொண்டு நிற்பதாகத்தான் தெரிந்திருக்கும். செல்போனில் படம் எடுத்தார்கள்.

பொன்னுரங்கம் மைக்கைப் பிடித்தார். "நம்ம பொண்ணு தமிழ்நாட்டுக்கு ஆடுற அன்னிக்கும் ஊர்க் கட்டுப்பாடு! ஒருத்தனும் வலையத் தொடக் கூடாது!" மேளம் அதிர்ந்தது. நைனா என் இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நைனா இந்தத் தடவையும் வாயைத் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நைனா, கைய எடு."

"வேணாம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எடு."

எடுத்தார். ஊரே பார்க்க நான் விழுந்தேன். மேளம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.