ஆர்விட் வீட்டு வாசலில் நாற்பது முட்டைக்கோஸ்

அமெரிக்காவின் வடகோடியில், குளிர் தொடங்கும் அக்டோபரில், எங்கள் டுலூத்தில் வீடு விற்க நினைப்பவன் அவசரக்காரனாக இருப்பான், அல்லது முட்டாளாக. எதிர்வீட்டு ஆர்விட் ஹௌகன் இரண்டும்தான். மே மாதம் நட்ட விற்பனைப் பலகை இன்னும் அவர் வாசலில் நின்றது. மனைவி ஆர்டிஸ் முடிவாகச் சொல்லிவிட்டார். நவம்பர் ஒன்றாம் தேதி அரிசோனாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார். வீடு விற்றால் இருவரும், விற்காவிட்டால் அவர் மட்டும். ஆர்விட்டுக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது.

வீட்டுத் தரகர் வந்து பார்த்தார். "முகப்பு ஜெயில் மாதிரி இருக்கு. பனி தாங்குற செடி ஏதாவது வைங்க," என்றார்.

ஆர்விட் நடைபாதை ஓரம் முழுக்க அலங்கார முட்டைக்கோஸ் வைத்தார், நாற்பது. உறைபனி பட்டால் அதன் ஊதா இன்னும் ஏறும். ராத்திரி வேலையை விட்டுவிட்டுச் சும்மா கிடந்த நான்தான் குழி தோண்டினேன்.

செவ்வாய்க்கிழமை டெல்ஃபின் என்ற பெண் வீடு பார்க்க வந்தாள். தெற்கே பனியே விழாத லூசியானாவிலிருந்து வேலை மாற்றலில் வந்தவள். முட்டைக்கோஸ்களைப் பார்த்து நின்றாள்.

"அட, ரொம்ப வித்தியாசமா இருக்கே," என்றாள்.

ஆர்டிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. பிடித்திருந்தால் "மோசமில்ல" என்போம். உயிரையே கொடுக்கும் அளவுக்குப் பிடித்தாலும் அதேதான். "வித்தியாசமா இருக்கு" என்றால் தூக்கிக் குப்பையில் போடு என்று பொருள். தேவாலய விருந்துக்கு பக்கத்துத் தெரு லெனோரா சமைத்துக் கொண்டுபோன அன்னாசிப்பழம் போட்ட மீனைப் பாதிரியார் அப்படிச் சொன்னார். அவள் இப்போது வேறு தேவாலயத்துக்குப் போகிறாள்.

டெல்ஃபினின் கார் தெருமுனை திரும்புவதற்குள் ஆர்விட் மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

"மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டா."

"என் வாசல்லயே நின்னு," என்றார் ஆர்டிஸ். "அதுவும் 'ரொம்ப'ன்னு சேர்த்து."

ஆர்விட் நாற்பதையும் தண்டோடு வெட்டித் தள்ளினார். நான் தள்ளுவண்டியில் அள்ளிப்போய்க் கொல்லையில் கொட்டினேன்.

மறுநாள் காலை தரகர் போன் செய்தார். டெல்ஃபின் புருஷனைக் கூட்டிக்கொண்டு அரைமணியில் வருகிறாளாம். வீட்டைவிட வாசல்தான் அவளுக்குப் பிடித்துப்போயிற்றாம். அந்த ஊதாச் செடிகளை அவன் பார்த்தே ஆகவேண்டுமாம்.

"அப்ப அவ திட்டலையா?" என்றார் ஆர்விட்.

"அவங்க ஊர்ல அது பாராட்டு போலிருக்கு," என்றேன்.

"என்ன ஊருய்யா அது."

வேர்கள் மண்ணுக்குள் இருந்தன, கோஸ்கள் கொல்லையில். ஆர்டிஸ் இறைச்சி வாட்டும் கம்பிகளைக் கொண்டுவந்தார். அவை போதாமல் தன் பின்னல் ஊசிகளையும் எடுத்துவந்தார். ஒவ்வொரு கோஸின் அடியிலும் ஒன்றைச் செருகி மண்ணில் குத்தினோம். இரண்டு மூன்று தலைசாய்ந்து நின்றன. காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

டெல்ஃபினின் புருஷன் சந்தேகப் பிராணி. குனிந்து ஒன்றைத் தொட்டான். அது பின்னல் ஊசியோடு கையில் வந்தது.

ஆர்டிஸ் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"குளிர் வந்தா கழட்டி உள்ள வைக்கணும்ல, அதுக்குத்தான்," என்றார் ஆர்விட். முகத்தில் ஓர் அசைவு இல்லை.

"பனி தாங்கும்னு தரகர் சொன்னாரே?"

"உள்ள வச்சா தாங்கும்."

அவன் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நம்ம ஊர்ல யாருக்காவது இது தோணுச்சா பாரு," என்றான் மனைவியிடம். அந்த வாரமே கையெழுத்துப் போட்டார்கள்.

நவம்பர் ஒன்றாம் தேதி காலை கார் கிளம்பத் தயாராக நின்றது. ஆர்டிஸ்தான் ஓட்டுகிறார். ஆர்விட் முன்கதவில் கை வைத்தார்.

"பொய்யனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அரிசோனா வரைக்கும் என்னால ஓட்ட முடியாது," என்றார் ஆர்டிஸ்.

"ஊசி குத்துனது யாரு?"

"குத்துனேன். வாயைத் திறந்தேனா?"

ஆர்விட் பின்கதவைத் திறந்து, பெட்டிகளை ஒதுக்கி, போர்வை மூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஓட்டு," என்றார்.