சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிளாஸ்

இந்தக் காலத்து ஆட்கள் வீட்டுக்கு வா வா என்று கூப்பிடுகிறார்கள். வந்தவனுக்குச் சோறு போடுவதில்லை. கிளாஸில் எதையோ ஊற்றிக் கையில் கொடுத்து, பசி நன்றாகக் கிளம்பியதும் "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று வாசலைக் காட்டிவிடுகிறார்கள். கேட்டால் இதற்குப் பெயர் உபசாரமாம். லிஃப்ட்காரருக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர். ஆளை ஏற்றினால் அவன் போகவேண்டிய மாடியில் இறக்கிவிட வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டு இதுவே போதும் என்று சொல்லக்கூடாது என்பது அவர் கட்சி.

காலையில் மகள்தான் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, சாயங்காலம் எங்க மாமாவும் அத்தையும் வராங்க."

முகச்சவரம் செய்துகொண்டிருந்த லிஃப்ட்காரர் பாதிக் கன்னத்தில் நுரையோடு திரும்பினார். "சாப்பாட்டுக்கா?"

"சாப்பாட்டுக்கு முன்னால."

"முன்னாலன்னா? பின்னால சாப்பாடு உண்டா, இல்லையா?"

"அதை அவங்க வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்குவாங்க. இங்க சும்மா ஆளுக்கு ஒரு கிளாஸ், கொறிக்க ஏதாவது. பசியைத் தூண்டிவிடும், அவ்வளவுதான். இப்ப எல்லாரும் இப்படித்தாம்ப்பா பண்றாங்க. அடுப்புல வேகாம நிம்மதியா உட்கார்ந்து பேசலாம்."

"பசியைத் தூண்டிவிட்டு ஆளைத் தெருவுல விடறது. ரொம்ப நல்ல மரியாதை."

மகள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். மருமகன் அதற்கு முன்பே நழுவியிருந்தான். மாமனாருக்கும் அப்பாவுக்கும் நடுவில் எந்தப் பேச்சு வந்தாலும் அவனுக்குச் செருப்பு மாட்டும் வேலை வந்துவிடும்.

விஷயம் இதுதான். வரப்போகிற சம்பந்தி, மருமகனின் அப்பா, மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் தொழில், சுபாவமும் அதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைவிட ஒரு பஸ் ஆட்கள் கூடுதலாக வந்து இறங்கினார்கள். கடைசிப் பந்தியில் கறி தீர்ந்துபோனது. அந்தப் பந்தியில்தான் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். எழுந்து கை கழுவும்போது நாலு பேர் காதில் விழ, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, வயிறுதான் நிறையல" என்றார்.

அன்றிலிருந்து லிஃப்ட்காரருக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டை முள். சம்பந்தி எப்போதாவது மகனைப் பார்க்க வந்தாலும் வாசல் பக்கத்து நாற்காலியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். அவரை மேஜையில் உட்காரவைத்து, வயிறு நிறைந்தது என்று அந்த வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். அதைக் கேட்காமல் கண்ணை மூடுவதில்லை என்று மனிதர் இருந்தார்.

எனவே மகள் தலை மறைந்ததும் கடைக்குப் போய் ஒரு முழுக் கோழி வாங்கிவந்தார். உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு எல்லாம் போட்டு மதியத்திலிருந்து ஓவனில் மெல்லிய சூட்டில் வைத்தார். மகள் வாங்கி வைத்திருந்த புட்டியையும் திறந்து பார்த்தார். ஆரஞ்சுத் தோல் ஊறிய ஒயின், வேப்பங்காய்க் கசப்பு. அரை கிளாஸ் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வயிறு உறுமியது. பரவாயில்லை, மோட்டார் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார். இது பசியைக் கிளப்பும், கோழி வாசனை இழுக்கும், சம்பந்தி தானாக மேஜைக்கு வந்து உட்காருவார். அவருடைய திட்டத்தில் ஓட்டையே தெரியவில்லை.

"என்னப்பா வாசனை?" என்றாள் மகள், வந்ததும் வராததுமாக.

"எனக்குக் கொஞ்சம் கோழி."

"முழுக் கோழியா?"

"வளர்ற வயசு."

அவள் முறைத்தாள். சண்டை போட நேரமில்லை, அழைப்பு மணி அடித்துவிட்டது. "இறங்கினது இறங்கிட்டீங்க, நீங்களே ஊத்திக் கொடுங்க. ஆனா சாப்பாட்டுப் பேச்சை எடுக்கக்கூடாது" என்று புட்டியை அவர் கையில் திணித்தாள்.

சம்பந்தி வழக்கம்போல் வாசல் பக்கத்து நாற்காலியைத் தேடினார். மகள் அதை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தாள். வேறு வழியில்லாமல் சோபாவில் உட்கார்ந்தார். லிஃப்ட்காரர் ஐஸ் போட்டு, கசப்பை ஊற்றி, சோடாவை விட்டு, ஆரஞ்சுத் தோல் ஒன்றை மிதக்கவிட்டு நீட்டினார். சம்பந்தி அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"சம்பந்தி, இது நல்லாயிருக்கே."

நாலு வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. லிஃப்ட்காரருக்குக் கை தானாகப் புட்டிக்குப் போனது. ஊற்ற ஊற்ற எதிரில் இருந்த மனிதரின் தோள் இறங்குவதும், முகம் சிவப்பதும், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பதும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. இது வெறும் முன்வேலை, வேலை உள்ளே ஓவனில் இருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

கெடுத்தது கடலை. வறுத்த கடலை ஒரு கிண்ணம், சீஸ் துண்டுகள் ஒரு தட்டு, நெய் தடவிய ரொட்டி ஒரு தட்டு என்று மகள் பரப்பியிருந்தாள். சம்பந்தியின் கை கடலைக்கும் வாய்க்குமாக ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் கிண்ணத்தைப் பேச்சுவாக்கில் தள்ளி வைத்தார். சம்பந்தியம்மா நல்ல மனசோடு அதைத் திருப்பித் தள்ளினார்.

"சம்பந்தி, கடலை வாயு. பார்த்துச் சாப்பிடுங்க."

"அவருக்கு இனிமே என்னண்ணா வாயு வரப்போகுது? அவர் பேசறதே முக்கால்வாசி அதுதான்" என்றார் சம்பந்தியம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தார். மகள் ஓடிப்போய் நிரப்பினாள். மருமகன், என்றைக்கும் ஒரு வேலை செய்யாதவன், அன்றைக்கென்று மேலும் சீஸ் வெட்டினான். லிஃப்ட்காரர் ஒவ்வொரு துண்டும் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோழிக்கு என்று வைத்திருந்த இடம் கண்ணெதிரே தூர்ந்துகொண்டிருந்தது.

கடைசியில் சம்பந்தியே மூக்கை உறிஞ்சினார். "உள்ள என்னமோ வாசனை வருதே."

"கோழிதான்." லிஃப்ட்காரர் எழுந்தேவிட்டார். மகள் கண்ணால் அதட்டியதை அவர் பார்க்கவில்லை. "வெந்து ரெடியா இருக்கு. சும்மா ஒரு தட்டு..."

சம்பந்தி இரண்டு கையையும் தூக்கினார். வயிற்றைத் தட்டிக்காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, லிஃப்ட்காரரை நேராகப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். "இல்ல சம்பந்தி. வயிறு நிறைஞ்சுபோச்சு. இந்த வீட்டுல இன்னிக்குத்தான் வயிறு நிறைஞ்சு எழுந்திரிக்கிறேன்."

மருமகன் கத்தியைக் கீழே வைத்தான். மனிதர் மறக்கவில்லை, மறக்காமல் வைத்திருந்து இன்றைக்குத்தான் திருப்பிக் கொடுத்தார்.

"கட்டியாவது கொடுக்கறேன்" என்றார் லிஃப்ட்காரர். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"வேண்டாம்ணா, வீட்டுல எல்லாம் செஞ்சு வச்சிட்டுத்தான் வந்தோம்" என்றார் சம்பந்தியம்மா. செருப்பு மாட்டிக்கொண்டார்கள். லிஃப்ட் வந்தது, போய்விட்டார்கள்.

மகளுக்கு முகமெல்லாம் பல். "கேட்டீங்களாப்பா? நாலு வருஷமா நீங்க கேட்கணும்னு இருந்ததுதானே?"

"கடலைக்குச் சொன்னார்."

"எதுக்குச் சொன்னா என்னப்பா? ஊத்திக் கொடுத்தது நீங்க. உட்கார்ந்து பேசினது உங்ககூட."

"ஊத்தறது எல்லாம் ஒரு வேலையா? என் கோழியில ஒரு நார் அவர் பல்லுல படல."

"மனுஷர் இறங்கி வந்திருக்கார். நீங்க கோழியைப் புடிச்சுத் தொங்கறீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நம்மள வரச் சொல்லியிருக்காங்க. இதே மாதிரி, சாப்பாட்டுக்கு முன்னால."

"நான் சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்."

லிஃப்ட்காரர் ஓவனை அணைத்தார். கோழியில் ஒரு காலைப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டார். புட்டியில் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதையும் கிளாஸில் கவிழ்த்துக்கொண்டு, "கடலையாம், வயிறு நிறைஞ்சதாம்" என்று முனகியபடி தன் அறைக்கு நடந்தார்.